பர்மா சண்டைக்குப் போன தாத்தா இருந்த இடத்தைத் தேடிப் போவது எப்படி?

வேலூர் அருகே கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. தாத்தா 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்து, ஜப்பானியரோடு நடந்த பர்மா சண்டையில் இருந்துவிட்டு 1946-இல் ஊர் திரும்பினார். அவருடைய தம்பியும் அதே சண்டைக்குப் போனார். அவர் திரும்பவில்லை, தந்திதான் வந்தது. வீட்டில் இன்று மூன்று மெடல்களும், "இம்பாலில் பாலம் கட்டினார்" என்ற வாய்ச்சொல்லும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. 76 வயதாகும் அப்பா, அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். நாகாலாந்தின் கோஹிமாவுக்குப் போவதா, மணிப்பூரின் இம்பாலுக்கா, பர்மாவின் ரங்கூனுக்கா, முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவரை அங்கெல்லாம் அழைத்துப் போக முடியுமா என்று கேட்கிறீர்கள்.

எந்த ஊருக்குப் போவது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதலில் தாத்தா எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று கண்டுபிடியுங்கள். போக வேண்டிய இடத்தை அதுவே காட்டிவிடும். போர்க்களம் என்றதும் நம் மனத்தில் எழுவது பதுங்குகுழியும் துப்பாக்கிச்சூடும் கைப்பற்றப்பட்ட குன்றும்தான். ஆனால் வட ஆற்காட்டிலிருந்து இரண்டாம் உலகப்போருக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் நடத்திய போர் சாலையிலும், பாலத்திலும், விமானத் தளத்திலும், லாரியிலும், சரக்குக் கிடங்கிலும், ஆஸ்பத்திரியிலும் நடந்தது. அதற்குக் காரணம் உண்டு. தென்னிந்தியர்கள் சண்டைக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற வெள்ளையர் கொள்கையின்படி, பழைய மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் 1920-களில் கலைக்கப்பட்டன. இரண்டாம் போர் வந்து ஆள் தட்டுப்பாடு ஏற்பட்ட பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குத் திறந்திருந்த பெரிய வாசல் பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்னும் பொறியாளர் படைதான். போர் தொடங்கியதும், சாலை போடுவது போன்ற உடலுழைப்புப் பணிகளுக்கான பயனியர் கோர், சப்ளைப் படை, மருத்துவப் படை, பணிமனைப் பிரிவுகள் எல்லாம் சென்னை மாகாணத்தில் ஆள் எடுத்தன. ஆகையால் "பாலம் கட்டினார்" என்ற உங்கள் வீட்டுச் சொல்லை யாரோ மிகைப்படுத்திச் சொன்ன கதை என்று தள்ளிவிட வேண்டாம். உங்களிடம் இருக்கும் தடயங்களில் மிக நல்லது அதுதான்.

அடுத்த தடயம் மெடல். நட்சத்திர வடிவில் மஞ்சள் உலோகத்தில் ஒன்றும், நாணயம்போல் வட்டமாக இரண்டும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வட்டமானவற்றில் ஒன்றின் பின்புறம் சிங்கம் ஒன்று இரட்டைத்தலை டிராகன்மேல் நின்றால் அது வார் மெடல். இந்திய வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். நட்சத்திரத்தின் முகத்தில் எந்தப் போர்முனை என்று எழுதியிருக்கும். பர்மா ஸ்டார் என்றால் கருநீல நாடாவின் நடுவில் சிவப்புப் பட்டையும், இரு புறமும் ஆரஞ்சுக் கோடுகளும் இருக்கும். இத்தாலி ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், பசிபிக் ஸ்டார் என்றும் உண்டு. மலேயாவில் சண்டையிட்டவர்களுக்குப் பசிபிக் ஸ்டார்தான் கிடைத்தது. "பர்மாவுக்குப் போனார்" என்று குடும்பத்தில் சொல்லப்படுபவரின் மெடலில் வேறு முனையின் பெயர் இருந்தால் மெடலை நம்புங்கள். பர்மா ஸ்டார் இருப்பதாலேயே அவர் பர்மா மண்ணில் கால் வைத்தார் என்றும் ஆகிவிடாது. குறிப்பிட்ட காலங்களில் அசாமிலும் வங்காளத்திலும் பணியாற்றியவர்களுக்கும் அது வழங்கப்பட்டது. இம்பால் அன்று பர்மாவுக்குள் இல்லை, இன்றும் இல்லை, ஆனாலும் அங்கே இருந்தவர் பர்மா சண்டைக்காரர்தான்.

பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இரண்டாம் போரின் இந்த மெடல்கள் பெயர் பொறிக்கப்படாமலே கொடுக்கப்பட்டன. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். வட்ட மெடலில் அது ஓரத்தில் இருக்கும், நட்சத்திரத்தில் பின்புறம் இருக்கும். சாய்வாக வெளிச்சம் விழும்படி பிடித்து, பூதக்கண்ணாடியால் படியுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் துலக்கிவிட்டுப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் பித்தளைப் பாத்திரங்களோடு மெடலையும் சேர்த்துத் தேய்த்ததில் ஓர எழுத்துகள் மழுங்கிப்போனது பல குடும்பங்களில் நடந்திருக்கிறது. எழுத்து மங்கியிருந்தால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். அதில் கிடைக்கும் எண்தான் சர்வீஸ் நம்பர். அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த எண்ணோடு அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். சாப்பர்களுக்கு பெங்களூரிலுள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ. எண், முழுப் பெயர், தந்தை பெயர், அன்றைய தாலுகா, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு ஆகியவற்றையும், உங்கள் அப்பா அவருடைய வாரிசு என்பதற்கான சான்றையும் இணைத்து அப்பாவின் கையெழுத்தோடு அனுப்புங்கள். ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது இராணுவ விதி. போருக்கென்று சேர்ந்து 1946-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஓய்வூதியம் இல்லை. ஆகையால் "ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். லாங் ரோல் என்னும் நிரந்தரப் பதிவேடு ஒன்று உண்டு; அதில் ஒவ்வொருவருக்கும் சில வரிகளாவது இருக்கும். உங்கள் கடிதத்திலேயே "லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கடிதம் எழுத வழி தெரியவில்லையென்றால் வேலூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். உங்கள் பக்கத்திலேயே, இராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையில் இப்படிப்பட்ட கடிதங்களை எழுதிப் பழகிய ஓய்வுபெற்ற சுபேதார்கள் இருப்பார்கள். அவர்களிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவது அலுவலகத்துக்கு நாலு நடை நடப்பதைவிட மேல்.

இதுவரை சொன்னது தாத்தாவுக்கு. திரும்பி வராத சின்னத் தாத்தாவுக்கான தேடல் முற்றிலும் வேறு, உண்மையில் அதுதான் எளிது. போரிலிருந்து திரும்பியவரின் பெயர் எந்த நினைவுக்கல்லிலும் இருக்காது. போரில் இறந்தவருக்கோ பெயர், எண், பிரிவு, இறந்த நாள், நினைவிடம், கல்லின் வரிசை எண்வரை காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை. பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், வட ஆற்காடு, இன்ன ஊர்" என்றும் இருக்கும். அங்கே வேலூர் மாவட்டம் என்று தேடினால் எதுவும் அகப்படாது. அன்றைய வட ஆற்காடு என்பது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கும் சேர்ந்தது. போருக்குப் பின் அது முதலில் பிரிந்ததே 1989-இல்தான். முனுசாமி, கோவிந்தசாமி போன்ற பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒற்றை எழுத்து இரட்டையாகவும், இறுதி எழுத்து வேறாகவும் இருக்கும். பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டு, படைப்பிரிவையும் காலத்தையும் வைத்து வடிகட்டுங்கள்.

பதிவு கிடைத்தவுடன், அதில் சொல்லப்பட்ட இடத்தில் அவர் உடல் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இந்துக்களையும் சீக்கியர்களையும் களத்திலேயே எரித்துவிட்டார்கள். அவர்கள் பெயர்கள் தகன நினைவிடங்களில் உள்ளன. கோஹிமா போர்க்கல்லறையின் மிக உயர்ந்த இடத்தில் நிற்கும் தகன நினைவிடத்தில் 917 பேருடைய பெயர்கள் உள்ளன. இம்பாலில் இந்தியப் படைக் கல்லறைக்குள் இருக்கும் தகன நினைவிடத்தில் 868 பேர். அதே இம்பால் கல்லறையில் முஸ்லிம் சிப்பாய்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே தேட வேண்டும். உடலே கிடைக்காதவர்கள், எங்கே விழுந்தார்கள் என்று தெரியாதவர்கள் ஆகியோரின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள தௌக்கியான் கல்லறையின் நடுவே, ரங்கூன் நினைவகத் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள். நோயிலோ காயத்திலோ ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் குவாஹாட்டி, இன்றைய பங்களாதேஷின் மைனாமதி, சிட்டகாங் என்று எங்கும் இருக்கலாம். தந்தியில் "நோயால்" என்று இருந்ததற்காகக் குடும்பங்கள் வெட்கப்பட்டதைக் கேட்டிருக்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. 1943-இல் அந்த முனையில் காயத்தால் வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள் என்று அங்கே போரிட்ட படையின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியாவைத் தடுக்கத் தினமும் மெபாக்ரின் மாத்திரை விழுங்கித் தோல் மஞ்சளாகிப் போன ஆட்கள் நடத்திய போர் அது.

பதிவேட்டில் இருக்கும் நாளால் இன்னொரு பயனும் உண்டு. தந்தி வந்த நாளையே இறந்த நாளாக வைத்தோ, நாள் தெரியாமல் மகாளய அமாவாசைக்கு மட்டுமோ நம் குடும்பங்கள் திதி கொடுத்து வந்திருக்கும். ஆங்கிலத் தேதி தெரிந்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து மாதமும் பட்சமும் திதியும் கணித்துவிடலாம். காணாமற்போனவர்களுக்கு இராணுவம் தானே ஒரு நாளை உத்தேசமாகக் குறித்ததும் உண்டு. அவருடைய படைப்பிரிவு அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்போடு ஒத்துப்பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். 1944 மார்ச்சில் ஜப்பானியப் படைகள் பர்மாவில் ஓடும் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து வந்தன. அந்த மாத இறுதியில் இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் இடையே சாலை அறுபட்டது. ஜூன் 22 அன்று வடக்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனும் (டிவிஷன் என்பது பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு) தெற்கிலிருந்து வந்த இந்திய ஐந்தாம் டிவிஷனும் 109-ஆம் மைல்கல்லில் சந்தித்தபோதுதான் அது திறந்தது. இடையில் இம்பால் பள்ளத்தாக்கு முழுவதும் வானூர்திகளால் உயிர் வாழ்ந்தது. அன்று அங்கே இருந்த ஆறு ஓடுதளங்களில் ஒன்றான துலிஹால்தான் இன்றைய இம்பால் விமான நிலையம். இன்னொன்றான கொய்ரெங்கேய் நகரத்தின் வடக்கே, பயன்பாடின்றிக் கிடக்கிறது. ஆக, சாப்பரின் பேரனோ மகனோ இம்பாலில் இறங்கும்போதே தாத்தாவின் காலத்தவர் உழைத்த தரையில்தான் இறங்குகிறார்.

அன்று உயிர்நாடியாக இருந்த சாலைகள் மூன்று. திமாப்பூர் ரயில்நிலையத்திலிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்கு வருவது முதலாவது. அந்த ரயில்நிலையத்துக்கே அன்று மணிப்பூர் ரோடு என்றுதான் பெயர். பலேல் வழியாகப் பர்மா எல்லையிலுள்ள தாமுவுக்கு ஏறும் மலைச்சாலை இரண்டாவது. கடும் சண்டை நடந்த ஷெனாம் மேடு அதில்தான் இருக்கிறது. இம்பாலிலிருந்து தெற்கே பிஷ்ணுபூர், மொய்ராங், சூராசாந்த்பூர் தாண்டி 260 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு டிடிம் போய்ச் சேர்வது மூன்றாவது. மார்ச்சில் 17-ஆம் டிவிஷன் இந்த மூன்றாவது சாலையில் தடுப்புகளை உடைத்துக்கொண்டு பின்வாங்கி வந்தது. அதே ஆண்டு மழைக்காலத்தில் 5-ஆம் டிவிஷன் அதே சாலையில் சேற்றை மிதித்துக்கொண்டு திரும்பிப் போனது. டிடிமை நெருங்கும் இடத்தில் ஏழு மைலுக்குள் 38 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் ஒரு பகுதி உண்டு. சேற்றின் நிறத்தைப் பார்த்துச் சிப்பாய்கள் அதற்குச் சாக்லேட் படிக்கட்டு என்று பெயர் வைத்தார்கள். ஏலகிரிச் சாலையின் வளைவுகள் பதினான்கு. அவற்றைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, தார் இல்லாமல், விடாத மழையில், டாங்கியும் பீரங்கியும் போகும்படி வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். மழை ஒவ்வொரு இரவும் சாலையைக் கரைத்துக்கொண்டு போகும். காலையில் சாப்பர்களும் பயனியர்களும் மறுபடி தொடங்குவார்கள். அதன்பின் 1944 டிசம்பரில் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின் குறுக்கே 1,150 அடிக்கு மேல் நீளமுள்ள பெய்லி பாலம் (துண்டுகளாகக் கொண்டுவந்து பூட்டும் இரும்புப் பாலம்) போடப்பட்டது. அன்று உலகில் அவ்வகைப் பாலங்களில் அதுவே மிக நீளமானது. "பாலம் கட்டினார்" என்ற சொல் எந்தப் பாலத்தைக் குறிக்கிறது என்பதைத் தாத்தா இருந்த கம்பெனியின் (படையின் சிறு உட்பிரிவு) எண் தெரிந்தால்தான் சொல்ல முடியும். கம்பெனி எண் தெரிந்துவிட்டால் மாதம் மாதமாக அவர் எங்கே இருந்தார் என்பதைப் போர் நாட்குறிப்புகளில் காணலாம். அவற்றின் பெரும்பகுதி லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தென்கிழக்கு ஆசிய முனையின் தொகுப்பு அங்கே தனி வரிசையாக வைக்கப்பட்டுள்ளது. டெல்லித் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள்.

கோஹிமாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தைத்தான் பார்க்கிறார்கள். இரு தரப்பும் அந்த மைதானத்தின் அகலத்துக்கு எதிரெதிராக நின்று போரிட்டது உண்மை, பார்க்கவும் வேண்டும். ஆனால் அங்கே நிற்கும்போது சுற்றியுள்ள மேடுகளின் போர்க்காலப் பெயர்களைக் கேளுங்கள். ஒன்று களச் சப்ளைக் கிடங்கு மேடு, அடுத்தது அன்றாட வழங்கல் கிடங்கு மேடு. ஜப்பானிய முற்றுகைக்குள் சிக்கியவர்களில் கிடங்குக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் நிறைய இருந்தார்கள். வரைபடத்தில் குடோன்களின் பெயர்களையே வைத்திருக்கும் ஒரு புகழ்பெற்ற போர்க்களத்தில், லாரி ஓட்டியவரின் குடும்பமும் சாலை போட்டவரின் குடும்பமும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

இன்றைய நிலவரத்தையும் சொல்லியாக வேண்டும். டிடிமும் கலேவாவும் மியன்மாருக்குள் இருக்கின்றன. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் அந்தப் பகுதிகளில் சண்டை நடக்கிறது, முதியவரை அழைத்துக்கொண்டு அங்கே போகும் எண்ணமே வேண்டாம். மணிப்பூரில் 2023 மே மாதம் வெடித்த மோதலுக்குப் பிறகு பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் இடையே போக்குவரத்து இயல்பாக இல்லை. பிஷ்ணுபூருக்கும் சூராசாந்த்பூருக்கும் இடைப்பட்ட டிடிம் சாலைப் பகுதியே அந்தப் பிளவுக்கோட்டில் இருக்கிறது. ஆகவே கோஹிமாவைத் திமாப்பூர் வழியாகவும், இம்பாலைத் தனியாக விமானத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சாலைவழியே இணைப்பதைப் புறப்படும் வாரத்து நிலவரத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நாகாலாந்து, மணிப்பூர் இரண்டுக்கும் வெளிமாநிலத்தவர் இன்னர் லைன் பெர்மிட் எடுக்க வேண்டும். ஆதாரும் புகைப்படமும் இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று திமாப்பூர் வழியாகத்தான் போகிறது. உங்களுக்கு அது சரி, உங்கள் அப்பாவுக்குச் சரிவராது. சென்னையிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து திமாப்பூர் என்று விமானத்தில் போய், 74 கிலோமீட்டரைக் காரில் ஏறுங்கள். கோஹிமாக் கல்லறை மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்தது. தகன நினைவிடம் உச்சியில் இருப்பதால் படிகள் அதிகம். ஊன்றுகோலும் நேரமும் வேண்டும், காலை வேளையில் ஏறுங்கள்.

அங்குள்ள நிலைமையை அறிய வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சி.எம்.சி.க்கு எதிரேயுள்ள காந்தி ரோடு லாட்ஜுகளில் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கின்றன. சிகிச்சைக்கு வந்தவர்களைத் தொந்தரவு செய்யாமல், தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்தால், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை எந்தச் செய்தித்தாளையும்விடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அவர்களோடு பேசும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தாத்தாவின் போர்க்களமாக இருப்பது அவர்களுக்குத் தாத்தாவின் வயல். கோஹிமாவைச் சுற்றியிருந்த அங்காமி நாகர் ஊர்கள் இரு படைகளுக்கும் நடுவில் எரிந்தன. பள்ளத்தாக்கில் குண்டு விழுந்து செத்தவர்களின் பெயர்கள் ஆணையத்தின் கற்களில் இல்லை. இதே காரணத்தால், 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய்வந்தவர்களின், அங்கே மாண்டவர்களின் குடும்பங்களுக்கு நான் இன்னும் கவனமாகப் பேசச் சொல்வேன். பலாலியில் இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவகம் இருக்கிறது, கொழும்பருகே ஒன்றும் இருக்கிறது. மகனோ மகளோ அங்கே போய் மலர் வைப்பது முழு உரிமை. ஆனால் அந்த அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டதை அந்த ஊர் மறக்கவில்லை. தமிழிலேயே நலம் விசாரிப்பார்கள், தமிழிலேயே கேள்வியும் கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்டுவிடுங்கள்.

1971-இல் போனவர்களைப் பற்றியும் சிலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: மெடல் பூர்வி ஸ்டார் என்றால் கிழக்குமுனை, பச்சிமி ஸ்டார் என்றால் மேற்குமுனை. மேற்கில் லோங்கேவாலா, வடக்கில் கார்கில் போன்ற களங்களைப் பொதுமக்கள் பார்ப்பதற்காக இராணுவம் 2025 ஜனவரியில் பாரத் ரணபூமி தர்ஷன் என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. அனுமதி முறைகள் அதில் உள்ளன.

முதல் உலகப்போரில் மூதாதையரை இழந்தவர்களின் நிலைதான் கடினம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டை நின்று படித்தவர்கள் குறைவு: இங்கிருந்து 277 பேர் அந்தப் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. பெயர்கள் இல்லை. மெசபொடேமியாவில் (இன்றைய ஈராக்) இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷாரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கையாகவே போடப்பட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்காக ஆணையம் 2021-இல் வருத்தம் தெரிவித்தது. அந்த நினைவகமும் 1997-இல் சதாம் ஹுசைன் உத்தரவால் பெயர்த்தெடுக்கப்பட்டு நாசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்டது. போக முயல்வதைவிடப் பதிவேட்டில் பெயரைக் கண்டெடுப்பதே அந்தக் குடும்பங்களுக்கு நான் சொல்லும் வழி.

மறுபடி உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். முதல் பயணம் பெங்களூருக்கு இருக்கட்டும். வேலூரிலிருந்து நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். மெட்ராஸ் சாப்பர்களின் அருங்காட்சியகமும் ஆவணக்கூடமும் அல்சூர் ஏரிப் பக்கத்தில் அவர்களுடைய மையத்தில் உள்ளன. இராணுவ வளாகம் என்பதால் முன்கூட்டி எழுதி அனுமதி வாங்க வேண்டும். சாப்பர்களை இன்றும் படை முழுவதும் "தம்பி" என்றே அழைக்கிறார்கள் என்பதால், "எங்கள் அப்பா ஒரு தம்பி" என்று உங்கள் அப்பா சொன்னால் வாசலிலேயே நாற்காலி போடுவார்கள். பழைய படங்களில் அவர்கள் தலையில் இருக்கும் தனித்தன்மையான தொப்பியை உங்கள் வீட்டுப் புகைப்படத்தோடு ஒப்பிட்டாலே தாத்தா சாப்பர்தானா என்பது உறுதியாகிவிடும். ரெக்கார்ட் ஆபீசின் பதிலும் வந்து, சின்னத் தாத்தாவின் பெயர் எந்த நினைவிடத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்த பிறகு வடகிழக்குக்குப் புறப்படுங்கள். அவர் பெயர் கோஹிமாவிலோ இம்பாலிலோ இருந்தால் அந்த ஒரே ஊரில் மூன்று இரவு தங்குங்கள். இரண்டு ஊரையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட அப்பாவுக்கு அது நல்லது. பெயர் ரங்கூன் தூணில் இருந்தால், மியன்மார் நிலவரம் தணியும்வரை, ஆணையத்தின் பதிவுப் பக்கத்தை அச்செடுத்து வீட்டில் வைத்துத் திதி கொடுங்கள். இடைக்காலத்தில் சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள மெட்ராஸ் போர்க்கல்லறைக்கு அப்பாவை அழைத்துப் போகலாம். சமதளம், ஒரே நாளில் போய்வரலாம், இந்த நினைவிடங்கள் எப்படி இருக்கும் என்பதும் அவருக்குப் பழகும்.

நினைவிடத்தில் பூ வைக்கலாம். கற்பூரத்தைக் கல்லின்மேலோ புல்லின்மேலோ ஏற்றாமல் சிறிய தட்டில் ஏற்றுங்கள். தோட்டக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஊருக்கு மண் எடுத்துவர வேண்டுமென்றால் கல்லறைக்குள் தோண்டாமல் வெளியே சாலையோரத்தில் ஒரு பிடி எடுங்கள். மலைக்காடுகளில் இன்னும் வெடிக்காத குண்டுகள் கிடைக்கின்றன. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடவோ, யாராவது விற்க வந்தால் வாங்கவோ வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம். ஆனால் டிசம்பர் முதல் பத்து நாள்களில் கோஹிமா அருகே ஹார்ன்பில் திருவிழா நடப்பதால் அறைவாடகை பல மடங்கு ஏறிவிடும், சாலையிலும் நெரிசல். டிசம்பர், ஜனவரி இரவுக் குளிர் முழங்காலுக்கும் ஆகாது. பிப்ரவரி பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.